குழவியின் வாயும் கூழாங்கல்லும்

சென்ற பௌர்ணமிக் கூட்டம் முடிந்து அன்பர்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், சிவாஜிநகர்வாசியான உபாசிகை ஒருவர் தயங்கித் தயங்கி நம்மிடம் வந்து நின்றார். "ஐயா, பஞ்சசீலம் ஏற்ற நாள் முதல் எறும்பையும் மிதியாமல் நடக்க முயல்கிறேன். ஆனால், காலையில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் பெற்ற பிள்ளையை அடக்கிப் பிடித்து வதைக்கிறேன். அவன் அலறுகிறான். முதற் சீலம் எனக்கு நிற்குமா, முறியுமா?" என்று கேட்டார்.

விவரம் விசாரித்தோம். மகனுக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைந்தவன், வலிப்பும் உண்டு. ஐந்தாறு சொற்களுக்கு மேல் பேச்சு இல்லை. பல் துலக்கும் பிரஷைக் கண்டாலே நடுங்குவான். தந்தையார் சந்தையில் மூட்டை தூக்குபவர். விடியுமுன் போய்ப் பொழுது ஏறித் திரும்புவார். அவர் வந்ததும் பையனின் முழங்கால்களை அழுத்திக்கொள்வார். அக்காள் கைகளைப் பிடிப்பாள். தாயார் வாயைத் திறந்து தேய்ப்பார். ஒற்றை அறை வீடு. சுவருக்கு அப்பால் அடுத்த குடித்தனம். தெருவே அந்த அலறலைக் கேட்கும். ஒரு நாள் பையன் தந்தையாரின் விரலைக் கடித்தான். அவர் கன்னத்தில் அறைந்துவிட்டார். அன்றோடு பல் துலக்குவதையே நிறுத்திவிட்டார்கள்.

நான்கு மாதங்கள் சென்றன. பையன் சோற்றைத் தள்ளினான். இரவில் தலையைச் சுவரில் மோதினான். பிறர் சொல்லக் கேட்டுக் கயிறு கட்டினார்கள், வேப்பிலையும் அடித்தார்கள். கன்னம் வீங்கிய பிறகே கடைவாய்ப் பல்லில் சீழ் கோத்திருப்பது தெரிந்தது. மயக்க மருந்து கொடுத்து இரண்டு பற்களைப் பிடுங்க வேண்டியதாயிற்று. அதன் பின் அச்சத்தினால் மீண்டும் அதே பிடி, அதே அலறல்.

நாம் உடனே விடை கூறினோம். "அம்மா, நோக்கம் நன்மையாயின் அது ஹிம்சை ஆகாது" என்று சொல்லி, அபயராஜகுமாரனின் கதையை எடுத்துக் காட்டினோம். அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு மன நிறைவோடு சென்றார். நமக்கோ அந்த நிறைவு பஸ் ஸ்டாண்டு சேருமட்டும்கூட நிலைக்கவில்லை. ரஸ்ஸல் மார்க்கெட்டைக் கடந்து நடக்கையிலேயே, சூத்திரத்தில் பாதியைத்தான் சொன்னோம் என்பது உறைத்தது. அந்த அவசர விடையைத் திருத்தவே இக்கட்டுரை எழுதலானோம்.

மச்சிம நிகாயத்தில் 58-ஆவது சூத்திரம் அது. பிம்பிசாரனின் மகனாகிய அபயன், பிறர் மனம் வருந்தும் சொல்லைத் ததாகதர் சொல்வாரா, மாட்டாரா என்று பகவரை மடக்குதற்கென வினவுகின்றான். அவன் மடியில் ஒரு பச்சைக் குழந்தை கிடக்கின்றது. பகவர் அக்குழந்தையையே சான்றாக்குகின்றார். உன் அசட்டையினாலோ செவிலியின் அசட்டையினாலோ இக்குழந்தை ஒரு குச்சியையோ கல்லையோ வாயில் போட்டுக்கொண்டால் நீ என்ன செய்வாய் என்று கேட்கின்றார். எடுத்துவிடுவேன் என்கிறான் அபயன். உடனே எடுக்க இயலாதாயின், இடக் கையால் தலையைப் பிடித்து, வலக் கை விரலை வளைத்து, இரத்தம் கசிந்தாலும் எடுத்தே தீர்வேன் என்கிறான். காரணம், குழந்தையின்பால் அவனுக்குள்ள இரக்கம்.

இதனைக் கேட்ட தாய் தன் பிடியை நியாயம் என்று கொள்வதில் வியப்பில்லை. ஆயினும் சூத்திரத்தை நிதானமாகப் படித்தால் மூன்று செய்திகள் புலனாகும். அபயன் முதலில் சொல்வது எளிதாக எடுப்பதைத்தான். இரத்தம் கசிய எடுப்பது, அது கைகூடாதபோது மட்டுமே. அன்றியும், கல் தொண்டையில் இறங்கினால் குழந்தை மாளும், தாமதிக்க நேரமில்லை. பல்லிலே படியும் அழுக்கோ அரை நாழிகையில் உயிரைக் கொல்வதன்று. எல்லாவற்றினும் முக்கியமானது இது: கல்லை எடுப்பது வாழ்நாளில் ஒரு முறை. பல் துலக்குவது நாளைக்கு இரு முறை. ஆண்டுக்கு 730 முறை. ஒரு முறை செய்த பலவந்தத்தைக் குழந்தை மறக்கும். 730 முறை செய்தால் அதுவே அவனுக்குத் தாயின் முகமாகிவிடும். தாயின் கை நெருங்கும்போதெல்லாம் வாயை இறுக மூடக் கற்றுக்கொண்ட பிள்ளை, நாளைக்கு மருந்துக்கும் வாய் திறவான்.

ஆகவே, அன்று நாம் கூறிய விடை கல்லுக்குப் பொருந்தும், பிரஷுக்குப் பொருந்தாது.

பல் துலக்குதல் நம் தம்மத்துக்குப் புறம்பான சில்லறைச் செய்தி என்று சிலர் எண்ணக்கூடும். விநயபிடகத்தின் சுள்ளவக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பிக்குகள் பற்குச்சி மெல்லாதிருந்தமையால் வாய் நாற்றமெடுத்ததும், பகவர் பற்குச்சியை அனுமதித்து, அதனை மெல்லாமையால் வரும் ஐந்து கேடுகளை எடுத்துரைத்ததும் அங்கே உள்ளன. அதை அடுத்து வரும் செய்தி நம் பொருளுக்கு மிக நெருங்கியது. ஆறுவர் கூட்டத்தைச் சேர்ந்த பிக்குகள் நீண்ட பற்குச்சிகளை வைத்துக்கொண்டு அவற்றாலேயே சாமணேரச் சிறுவர்களை அடித்தனராம். பகவர் அக்குச்சியின் நீளம் எட்டு விரற்கடைக்கு மேற்படலாகாது என்று குறைத்துவிட்டார். பிறகு ஒரு பிக்குவுக்கு மிகக் குட்டையான குச்சி தொண்டையில் சிக்கவே, நான்கு விரற்கடைக்குக் குறையவும் கூடாது என்றார். பற்களைத் தூய்மை செய்யும் கருவியே இளையவர்களைத் துன்புறுத்தும் கோலாகலாம் என்பதைப் பகவர் கண்டிருந்தார். அந்த அறையிலே தந்தையார் கையோங்கியபோது நம் நினைவுக்கு வந்திருக்க வேண்டிய இடம் இதுவே.

இனி, அண்டை வீட்டார் சொல்லும் சொல் ஒன்றுண்டு: "எந்த ஜன்மத்துப் பாவமோ, அனுபவிக்கிறது." பழைய வீட்டை விட்டு வந்த பின்னும் பழைய பாத்திரங்களைச் சுமந்து வருவதுபோல் நம்மவர் சிலரும் இதனைச் சுமந்து வருகின்றனர். மோளிய சீவகன் என்னும் பரிவிராஜகன், மனிதன் துய்ப்பதெல்லாம் முன்வினையே என்போரைப் பற்றிக் கேட்டபோது பகவர் அதனை ஒப்பவில்லை. பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், ஒழுங்கற்ற பேணுதல், புறத் தாக்குதல் ஆகியவற்றை எண்ணி, வினையை எட்டாவதாகவே வைத்தார். பல் சொத்தையாவது பேணாமையினால். அதற்கு முற்பிறப்பைத் தேடிப் போக வேண்டுவதில்லை.

சுள்ளபந்தகரின் வரலாற்றைச் சொல்லாமல் இதனை முடிக்கலாகாது. நான்கு மாதம் முயன்றும் ஒரு செய்யுளை மனனம் செய்ய இயலாதவர். உடன்பிறந்த தமையனே மடத்தை விட்டுப் போ என்றார். வாயிலில் அழுதுகொண்டிருந்தவரைப் பகவர் அழைத்து, ஒரு வெள்ளைத் துணியைக் கையில் கொடுத்து, 'அழுக்கு நீங்குக' என்னும் பொருளுள்ள ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டே தடவிவரச் சொன்னார். தடவத் தடவத் துணி அழுக்காயிற்று. அதைக் கண்டு அவர் ஞானம் எய்தினார். முற்பிறப்பில் மந்த மதியுடைய ஒருவரை நகைத்தமையாலேயே அவர் அவ்வாறு பிறந்தாரென்று உரையாசிரியர் எழுதுவர். அது உண்மையாயின், அஞ்ச வேண்டியவர் இப்போது நகைப்பவரே. வாயிலில் அழுதவரிடம் பகவர் அக்கதையை எடுக்கவில்லை, துணியை எடுத்தார். சொல்லால் கற்க இயலாதவனுக்குக் கையால் கற்பிக்கலாம், ஒரே செயலை ஒரே சொல்லோடு திரும்பத் திரும்பச் செய்வித்துக் கற்பிக்கலாம் என்பது அத்துணியில் அடங்கியிருக்கிறது.

இதனை அந்த அம்மையாரின் வீட்டுக்குள் கொண்டுவருவது எங்ஙனம்? இத்தகைய குழந்தைகளைப் பழக்கும் ஆசிரியரும் பல் வைத்தியரும் கைக்கொள்ளும் முறை, நாம் பார்த்தமட்டில், சுள்ளபந்தகரின் துணியைப் போன்றதே. முதல் வாரம் பிரஷே வேண்டாம். ஈரத் துணியை விரலில் சுற்றி உதட்டை மட்டும் தொடுதல். குழந்தை பொறுத்துக்கொண்டால் ஈறு; பிறகு முன்பல் ஒன்று. பிரஷை அவன் கையிலேயே கொடுத்துத் தடவிப் பார்க்கவும், கடித்துப் பார்க்கவும் விடலாம். மெல்லிய நாரும் சிறிய தலையும் உள்ள பிரஷே தகும். பிடி மெல்லியதாயின் சைக்கிள் கைப்பிடி ரப்பரை மாட்டிவிட்டால் அவன் விரல்களுக்கு எட்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, சொன்ன எண் வந்ததும் கட்டாயம் நிறுத்திவிட வேண்டும். ஐந்து என்று சொல்லிவிட்டு, வாய் திறந்திருக்கிறதே என்று எட்டு வரை தேய்ப்பது ஒரு பொய். நான்காம் சீலத்தை இங்கேயும் காக்கலாம். நாள்தோறும் ஒரே இடம், ஒரே வேளை, ஒரே பாட்டு. குழாயில் தண்ணீர் வரும் பரபரப்பில் இதனைச் செய்யலாகாது. குளியலறையில்தான் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. பாயில் உட்கார்ந்தே செய்யலாம்.

எதிரே நின்று தேய்ப்பதினும் பின்னே இருந்து தேய்ப்பது நன்று. தாய் சுவரில் சாய்ந்து அமர்ந்து, பையன் தலையைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டால், அவன் கழுத்து தளராது. தாயின் கை எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும். சிறு குழந்தையாயின் இருவர் முழங்காலோடு முழங்கால் சேர அமர்ந்து, குழந்தையின் தலை ஒருவர் மடியிலும் கால்கள் மற்றவர் இடையருகிலும் அமையக் கிடத்திக்கொள்ளலாம். இதுவும் ஒரு பிடிதான். ஆனால், தழுவும் பிடி. கடிக்கும் பிள்ளையின் பல்லிடையே விரலை விடலாகாது. துப்பத் தெரியாதவனுக்கு ஃபுளோரைடு கலந்த பற்பசை ஓர் அரிசியளவு போதும். மிகுந்த நுரையைத் துணியால் துடைத்துவிடலாம். செங்கற்பொடியும் கரித்தூளும் பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும். ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் போற்றும் முதுமொழி நமக்கு உண்டு. மென்று துப்பத் தெரிந்தவனுக்கே அது பொருந்தும்.

வலிப்பு உள்ள பிள்ளைகளின் தாய்மார் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். வலிப்புக்குக் கொடுக்கப்படும் ஃபெனிட்டாயின் என்னும் மருந்தினால் ஈறு தடித்துப் பல்லை மூடுமளவு வளரக்கூடும். அதற்காக மருந்தைத் தாமே நிறுத்துவது பேராபத்து. வைத்தியரிடம் சொல்ல வேண்டும். வாய் தூய்மையாக இருந்தால் ஈறு வளர்வது மட்டுப்படும். இனிப்புப் பாகில் கரைத்த மருந்தானால், குடித்த பின் சிறிது தண்ணீர் கொடுத்தல் நன்று. டவுன் நோய்க்குறியுடைய குழந்தைகளுக்குப் பல் முளைப்பது தாமதமாகும். ஈறு நோய் இளமையிலேயே தொடங்கும். அவர்களில் ஏறக்குறையச் சரிபாதிப் பேருக்குப் பிறவியிலேயே இருதயக் குறையும் இருப்பதால், ஈற்றுப் புண்ணின் கிருமி இரத்தத்தில் கலந்து இருதயத்தைத் தாக்கும் அபாயம் உண்டு. பல் வைத்தியரிடம் போனதும் இருதயத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இனிப்பைப் பற்றி நாம் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். சிவாஜிநகர்ச் சந்துகளில் இத்தகைய பிள்ளை ஒருவன் தாயோடு நடந்து போனால், கடைக்காரர், பூக்காரி, கறிக்கடைச் சாயபு எல்லாரும் "பாவம்" என்று சொல்லி ஒரு மிட்டாயை அவன் கையில் வைப்பர். மூன்று மதத்தாரும் நான்கு மொழியினரும் ஒன்றுபடும் தானம் இது. அவன் அழுதாலும் மிட்டாய், அடங்கினாலும் மிட்டாய். அதை அவன் கன்னத்தின் ஓரத்தில் ஒதுக்கிவைத்துக்கொள்வான். நாவால் துழாவித் தள்ளத் தெரியாது. அது அங்கேயே கரைந்துகொண்டிருக்கும்.

உணவோடு உண்ணும் சர்க்கரையினும், இடைவேளைகளில் வாயில் ஒட்டிக்கிடக்கும் சர்க்கரையே பல்லை அரிக்கிறது என்பதை உலகம் எவ்வாறு தெரிந்துகொண்டது? ஸ்வீடன் தேசத்து லுண்டு நகரில் விப்பேஹோல்ம் என்ற ஆஸ்பத்திரி இருந்தது. அறிவு வளர்ச்சி குறைந்தோரை அடைத்துவைத்த இடம். 1945-இல் அங்கே பல் ஆராய்ச்சி தொடங்கிற்று. 1947 முதல், அங்கிருந்தோருக்குப் பல்லில் ஒட்டிக்கொள்ளும்படி தனியாகச் செய்த டாஃபி மிட்டாய்கள் கொடுக்கப்பட்டன. சிலருக்கு நாளொன்றுக்கு 24. அவர்களின் சம்மதத்தையோ உறவினரின் சம்மதத்தையோ ஒருவரும் கேட்கவில்லை. பற்கள் அழிந்தன, முடிவுகள் 1954-இல் அச்சேறின. அம்முடிவைக் கொண்டு, பிள்ளைகளுக்கு வாரத்தில் சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் மிட்டாய் என்னும் வழக்கம் அந்நாட்டில் பரவிற்று. இன்று நம் பல் வைத்தியர் தாய்மாருக்குச் சொல்லும் அறிவுரையிலும் அந்த ஆராய்ச்சியின் பங்கு உண்டு.

வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர்களின் வாயில் மிட்டாயை வைத்துக் கற்ற பாடம் அது. கற்ற பின்னும் நாம் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பிள்ளையின் கையிலே மிட்டாயை வைத்துக்கொண்டிருக்கிறோம். லுண்டு நகரத்தார் ஆராய்ச்சிக்காகச் செய்தனர். நாம் இரக்கத்துக்காகச் செய்கிறோம். பல்லுக்கு இவ்வேற்றுமை தெரியாது. ஆதலின், கடைக்காரர்களிடம் பேசிவைப்பது தாயின் தனிக் கடமை என்று விட்டுவிடலாகாது. சங்கத்தார் இருவர் கூடப் போனால் பேச்சு எளிதாகும். மிட்டாய்க்குப் பதில் ஒரு பலூனோ ஒரு கொய்யாத் துண்டோ கொடுக்கச் சொல்லலாம். நாம் சொல்லிப் பார்த்தோம். கறிக்கடைக்காரர் அன்று முதல் கை குலுக்குகிறார். அதுவே பையனுக்கு மிகப் பிடித்துவிட்டது.

வலி வந்ததை வாயால் சொல்லாதவன் உடலால் சொல்வான். உண்ண மறுத்தல், ஒரு பக்கமாகவே மெல்லுதல், குளிர்ந்த தண்ணீரைக் கண்டு விலகுதல், கன்னத்தை அறைந்துகொள்ளுதல், உறக்கமின்மை, கையைக் கடித்தல் ஆகிய இவற்றைச் 'சித்தக் கோளாறு' என்று ஒதுக்குமுன் வாயைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்துப் பல் அழுகியிருக்கக் கண்டால், அதுதான் அபயன் மடியிலிருந்த குழந்தையின் கல். அன்று தயங்குவது கருணையன்று. மயக்க மருந்து கொடுத்தேனும் வைத்தியர் எடுத்தே தீர வேண்டும். தாய் தலையைப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்நிலையில் எங்கே போவது என்ற கவலை ஏழைகளுக்கு உண்டு. சிவாஜிநகரிலேயே பௌரிங் ஆஸ்பத்திரி இருக்கிறது. கோட்டைப் பக்கம் விக்டோரியா ஆஸ்பத்திரியை அடுத்து 1958-இல் நிறுவப்பட்ட அரசினர் பல் மருத்துவக் கல்லூரி உள்ளது. வரிசையில் நான்கு மணி நேரம் நின்று, பையன் பொறுக்காமல் கூச்சலிட, தாய் வெட்கித் திரும்பிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, இத்தகையோரைக் கவனிப்பதிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை வேண்டுமென்கிறது. இதனைக் கெஞ்சிக் கேட்க வேண்டுவதில்லை. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய அறக்கட்டளை, ஆண்டுக்கு 1,00,000 ரூபாய் வரை உதவும் மருத்துவக் காப்பீடு ஒன்றையும் நடத்துகிறது. அதன் பெயர் நிராமயா. நோயின்மை என்று பொருள். பெயரை வைத்தவர் யாரோ, நல்ல பெயர்.

எஞ்சியிருப்பது, இதையெல்லாம் யார் செய்வது என்பது. மகாவக்கத்தில், சீடன் அதிகாலையில் எழுந்து ஆசானுக்குப் பற்குச்சியும் வாய் கொப்பளிக்க நீரும் தர வேண்டுமென்று விதி உண்டு. உடனே மறுவிதியும் உண்டு: சீடன் நோயுற்றால் ஆசானே அதிகாலையில் எழுந்து அவனுக்குப் பற்குச்சியும் நீரும் தருதல் வேண்டும். பெரியவர் என்பதால் விலக்கு இல்லை. நம் இல்லங்களிலோ இது தாயின் தலையில் மட்டுமே விடிகிறது. தந்தையார் முழங்காலை அழுத்த மட்டும் வருகிறார். இதை அந்த மூட்டை தூக்கும் அன்பரிடம் நேரிலேயே சொன்னோம். களைத்து வந்தவரிடம் இதைச் சொல்ல நமக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. தம் விரலில் இருந்த பல் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

பத்து வாரங்களுக்குப் பின் அம்மையாரை மறுபடி கண்டோம். இரவு வேளையில் இப்போது தேய்ப்பவர் தந்தையார்தானாம். பையனைத் தம் மார்பில் சாய்த்துக்கொண்டு, மூட்டைகளை எண்ணும் அதே ராகத்தில் எண்ணுகிறாராம். கீழ்ப்பற்கள் முழுவதும் ஆயிற்று. மேல்வரிசையில் முன்பற்கள் மட்டும். பல் பிடுங்கிய பக்கத்தை அவன் இன்னும் தொடவிடுவதில்லை. இரண்டு நாள் அலறல் இருந்தது. விட்டுவிட்டார்களாம், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று. "ஏழு வரைக்கும் வாயைத் திறந்து வைத்திருக்கிறான், ஐயா. எட்டு என்றால் மூடிக்கொள்கிறான்" என்றார். பையன் அம்மையாரின் முந்தானையைப் பிடித்து நின்றுகொண்டு, நம்மிடம் ஒரு விரலைக் காட்டி, "ஒன்னு" என்றான்.